பெடலை மூடும் அந்தக் கணம்: லூப் வாசிப்பவர்களின் அனுபவங்கள்

லூப்பர் பெடலோடு (வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும், காலால் மிதிக்கும் கருவி) முதல்முறை மேடை ஏறியபோது நடந்ததை எழுதுகிறேன். அங்கேயே வாசித்து லூப் எடுப்பவர்கள், முன்பே பதிந்த லூப்களோடு வருபவர்கள், இரண்டு தரப்பும் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

டிரம் மெஷின் 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கிட்டாரில் நான்கு பார் (ஒரு பார் நான்கு பீட்) வாசித்து லூப்பாக எடுக்க வேண்டும். 120-இல் ஒரு பீட் அரை நொடி, நான்கு பார் என்றால் 8 நொடி. பயிற்சியில் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. மேடையில் லூப்பை மூட மிதித்தபோது கால் ஒரு இம்மி பிந்திவிட்டது. பிறகு பதிவை எடுத்து அளந்து பார்த்தேன்: 8.1 நொடி. முதல் சுற்றில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் கிக் டிரம் ஒரு பக்கம் இழுக்கிறது, கிட்டார் ஒரு பக்கம் இழுக்கிறது. சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி என்றால் பத்துச் சுற்றில் ஒரு முழு நொடி, அதாவது இரண்டு பீட். ஐந்தாவது சுற்றிலேயே லூப்பை அழித்துவிட்டு வெறும் டிரம்மின் மேல் வாசித்து முடித்தேன். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது டிரம் மெஷினுக்கும் பெடலுக்கும் நடுவே மிடி கேபிள் (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பும் இணைப்பு) இருக்கிறது. டிரம் மெஷின் ஒவ்வொரு பீட்டுக்கும் 24 துடிப்புகள் அனுப்பி நேரம் சொல்கிறது. நான் கொஞ்சம் முன்பின் மிதித்தாலும் பெடல் பாரின் எல்லையில்தான் லூப்பை மூடும். டிரம் இல்லாத பாட்டுகளுக்கு மட்டும் கேபிளைக் கழற்றிவிடுகிறேன். அங்கே என் கால்தான் டெம்போ. 8.1 நொடியில் மூடினால் அதுவே அந்தப் பாட்டின் அளவு, அடுத்து அதன் மேல் பதியும் லேயர்கள் எல்லாம் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மேடையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடங்கள் அவைதான்.

* * *

நீங்கள் அழித்த அந்த விலகலை நான் தேடிப் போனேன், அதனால் எழுதத் தோன்றியது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-இல் ஒரே பேச்சுத் துணுக்கை இரண்டு டேப் லூப்களாக ஓடவிட்டார். இரண்டு இயந்திரமும் ஒரே வேகத்தில் ஓடாததால் குரல்கள் மெல்ல மெல்லப் பிரிந்தன. 'இட்ஸ் கோனா ரெய்ன்' அப்படிப் பிறந்ததுதான். அதைக் கேட்ட பிறகு கணினியில் செய்து பார்த்தேன். 8 நொடி பியானோ லூப் ஒன்று, அதே லூப் இன்னொரு டிராக்கில், இரண்டாவதன் முடிவில் மட்டும் 20 மில்லிசெகண்ட் அமைதி கூடுதல்.

முதல் இரண்டு சுற்றில் ஓசை தடித்தது போல இருந்தது, அவ்வளவுதான். நான்காவது, ஐந்தாவதில் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் ஒரு சுரம் இன்னொன்றின் அரை பீட்டில் போய் விழுந்தது. நான் வாசிக்கவே வாசிக்காத ஒரு தாளம் கேட்க ஆரம்பித்தது! நிறுத்த மனமே வரவில்லை. கணக்குப்படி 400 சுற்று கழித்துத்தான் இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேரும், அதற்கு 53 நிமிடம் ஆகும். கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன்.

பதிந்து வைத்த லூப் உயிரில்லாதது என்று யாராவது சொன்னால் அந்த 53 நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. எல்லாமே முன்பதிவு, என் கை படவே இல்லை. ஆனாலும் அடுத்த நொடி எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

* * *

நான் பாடுபவள். குரல் மேல் குரலாக ஐந்தாறு லேயர் அடுக்குவேன். கிட்டார் அண்ணாவுக்கு வந்தது கால் பிரச்சினை, எனக்கு வந்தது மைக் பிரச்சினை.

மூன்றாவது லேயருக்குப் பிறகு ஒலி எப்போதும் சேறாகிவிடும். தொண்டையைத்தான் சந்தேகித்தேன். ஒரு நாள் ஒவ்வொரு லேயரையும் தனியாகக் கேட்டபோதுதான் புரிந்தது. இரண்டாவது லேயரில் என் குரலோடு முதல் லேயரும் மெலிதாகப் பதிந்திருந்தது, மூன்றாவதில் முந்தைய இரண்டும். எனக்குக் கேட்பதற்காக மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக் மறுபடி மறுபடி உள்ளே இழுத்திருக்கிறது. மானிட்டரை மைக்கின் பின்பக்கம் திருப்பி வைத்ததில் பாதி குறைந்தது. காதுக்குள் வைக்கும் இயர்போனுக்கு மாறியதும் முழுக்கத் தெளிந்தது.

பெடலை விட்டு லேப்டாப்புக்கு மாறியபோது இன்னொன்று. எந்த லேயரும் சரியாக விழவில்லை, எல்லாம் சோம்பலாகப் பின்னால் நடந்து வந்தது. பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024 சாம்பிளில் இருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் அது சுமார் 23 மில்லிசெகண்ட், உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை. தாளம் காட்டும் கிளிக்கே எனக்குத் தாமதமாகக் கேட்கிறது, அதோடு சேர்ந்து நான் பாடுவது இன்னும் தாமதமாகப் பதிகிறது. 128-க்கு இறக்கினேன், ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பாடுகிற உடம்புக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

* * *

நான் முழுக்க முன்பே பதிந்த லூப்களோடு மேடை ஏறுகிறவன். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள், தட்டி இயக்கும் ஒரு பேட் கன்ட்ரோலர், நாற்பது ஐம்பது கிளிப் (பதிந்து வைத்த லூப்). எந்த நேரத்தில் தட்டினாலும் கிளிப் அடுத்த பாரின் தொடக்கத்துக்குக் காத்திருந்து கிளம்பும்.

ஒருமுறை நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து, "பட்டனைத் தட்டினால் பாட்டு வருகிறது, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது வலித்தது. வீட்டுக்குப் போய் அன்றைய பதிவைக் கேட்டேன். ஒரு பகுதி அவர் சொன்னபடியேதான் இருந்தது: எட்டு நிமிடம், கிளிப்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்பே தீர்மானித்த வரிசையில். அன்றிலிருந்து வரிசை வைத்துக்கொள்வதில்லை. பேஸ் லூப்பை எப்போது நிறுத்துவது, ஹை-ஹேட்டை எத்தனை பார் காக்க வைப்பது எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

ஆனால் லூப் தயாரிப்பதும் சின்ன வேலை இல்லை, அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். உதாரணத்துக்கு, ரிவர்ப் உள்ள லூப், அதாவது சுரம் நின்ற பிறகும் ஓசை வால் போல நீளும் லூப். நான்கு பாரை அப்படியே வெட்டினால் வாலும் சேர்ந்து வெட்டுப்படும், சுற்று திரும்பும் இடத்தில் ஓசை திடீரென்று வற்றிப்போகும். அதே நான்கு பாரை இரண்டு முறை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பதிந்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தலையில் ஏற்கனவே படிந்திருக்கும். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாது. வெட்டும் இடத்தில் 'டிக்' என்று கேட்டால் ஒலியலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் புள்ளிக்கு வெட்டை நகர்த்துங்கள், அல்லது இரண்டு மூன்று மில்லிசெகண்ட் ஃபேட் போதும்.

இன்னொன்று, 90 டெம்போவில் வாசித்த டிரம் லூப்பை 126-க்கு இழுக்காதீர்கள். கிக் நொறுங்கும். நான் இழுத்து ஒரு நிகழ்ச்சியையே கெடுத்துக்கொண்டேன்.

* * *

தொடங்கி வைத்தவன் மீண்டும். வால் யோசனையைப் பெடலிலேயே செய்து பார்த்தேன். முதல் சுற்று வாசிக்கும்போது பதிவை அழுத்தவில்லை, இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில்தான் மிதித்தேன். முந்தைய கார்டின் மிச்சம் உள்ளே விழுந்து, திரும்பும் இடம் எங்கே என்று எனக்கே தெரியாமல் போனது. கேபிளைக் கழற்றிய பாட்டுக்கு அடுத்த முறை இப்படித்தான் எடுக்கப் போகிறேன். பாடுபவருக்கு ஒரு கேள்வி: இயர்போன் போட்டால் கூட்டத்தின் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா, அதற்கென்று தனி மைக் வைத்திருக்கிறீர்களா?