வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் ஊசி: ஏழு வயது மகளுக்கு வலி குறைய வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: தஞ்சை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. ஜே.ஐ.ஏ. என்னும் சிறார் மூட்டுவாதம் இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. முதலில் மெத்தோட்ரெக்சேட்டை மாத்திரையாகக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்ததால், மருத்துவர் அதையே வாரம் ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் ஊசியாக மாற்றினார். அளவு 10 மி.கி. இரண்டு மாதம் தெருமுனைக் கிளினிக்கில் போட்டுவந்தோம். இப்போது வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. குழந்தையைப் படுக்கவைத்து, கணவர் கால்களையும் மாமியார் கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் தொடையில் போட்டேன். அவள் திமிறியதில் ஊசி பாதியிலேயே வெளியே வந்துவிட்டது. மருந்து கொஞ்சம் தொடையில் வழிந்தது. இப்போது ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகும் ஓசை கேட்டாலே குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.

"வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லிப் பார்த்தோம், அவள் நம்புவதில்லை. கடைசி நிமிடம் வரை சொல்லாமல் மறைத்துவைப்பது நல்லதா? எந்த ஊசி, எந்த இடம் வலி குறைவாக இருக்கும்? நாத்தனாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பதால் இன்சுலின் போட்டுப் பழகியவர். அவர்தான் தம்முடைய இன்சுலின் சிரிஞ்சிலேயே மருந்தை ஏற்றித் தருகிறார். வெயிலுக்குப் பயந்து குப்பியை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில்: வார்டு செவிலியர்

வணக்கம் அம்மா. நான் குழந்தைகள் வார்டில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வலியைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் எழுதியதில் என்னைப் பதறவைத்த இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

கருவுற்றிருப்பவர் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடவே கூடாது. அது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. உங்கள் நாத்தனார் இனி மருந்தை ஏற்றித் தரவோ, சிந்தியதைத் துடைக்கவோ, குழந்தை வாந்தி எடுத்தால் அதைச் சுத்தம் செய்யவோ வேண்டாம்; இதுவரை செய்ததைத் தம் மகப்பேறு மருத்துவரிடம் அவர் சொல்லிவிடட்டும். நீங்களும் கையுறை அணிந்துகொண்டே ஏற்றுங்கள்.

அடுத்தது சிரிஞ்சு. இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகள் மி.லி. அல்ல, யூனிட். உங்கள் குப்பியில் ஒரு மி.லி.க்கு 25 மி.கி. என்று எழுதியிருந்தால், 10 மி.கி. என்பது 0.4 மி.லி. ஆகும். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் வகையில் அது 16-ஆவது கோடு. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் வகையில் 40-ஆவது கோடு. ஆரஞ்சு மூடியின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சிவப்பு மூடி வகையில் 40-ஆவது கோடு வரை ஏற்றினால், குழந்தைக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும்; மாற்றிச் செய்தால் பாதிக்கும் குறைவாகவே போகும். மி.லி. கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்சையே வாங்கி, எந்தக் கோடு வரை என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த மாற்றம் வலியையும் குறைக்கும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், குப்பியின் ரப்பர் மூடியைத் துளைத்த அதே முனைதான் குழந்தையின் தோலுக்குள்ளும் போகிறது. ரப்பரில் ஒருமுறை இறங்கிய முனை சற்று மழுங்கிவிடும். அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மருந்துத் துளியும் தோலில் பட்டால் எரியும். கழற்றி மாட்டும் வகையில், ஏற்றுவதற்கு ஓர் ஊசியும் போடுவதற்குப் புதிய மெல்லிய ஊசியும் பயன்படுத்தலாம். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட் தடவினால் அது முழுவதும் உலரும் வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போது குத்தினால் ஸ்பிரிட்டும் கூடவே உள்ளே போய்ச் சுரீரென்று எரியும். அவசரத்தில் பலரும் செய்யும் பிழை இது. தொடையின் முன்புற வெளிப்பக்கத்தில் சதையை விரல்களால் மெல்லக் கூட்டிப் பிடித்து, ஊசியைத் தயங்காமல் ஒரே சீராக இறக்கி, மருந்தை நிதானமாகச் செலுத்துங்கள். போட்ட பிறகு தேய்க்க வேண்டாம்; உலர்ந்த பஞ்சால் அழுத்தினால் போதும். வாரத்துக்கு வாரம் இடத்தை மாற்றுங்கள். குப்பியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து முடிவுசெய்யுங்கள். இந்த மருந்துக்குப் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பமே போதும். குளிர்ந்த மருந்து உள்ளே போகும்போது கூடுதலாக வலிக்கும்.

சென்ற வாரம்போல் ஊசி பாதியில் வெளியே வந்துவிட்டால், எவ்வளவு போனது என்பது தெரியாது. ஆகவே மறுபடி போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

படுக்கவைத்து அமுக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கனடாவில் 2015-இல் வெளியான தடுப்பூசி வலி குறித்த மருத்துவ வழிகாட்டுதலும் குழந்தையை நிமிர்ந்து உட்காரவைக்கவே சொல்கிறது. வலிக்காது என்று பொய்யாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்கிறது.

பதில்: நெல்லைத் தாய்

சகோதரி, உங்கள் வெள்ளிக்கிழமையைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. என் மகனுக்கும் இதே நோய்தான். நான்கு ஆண்டுகளாக இதே ஊசி. இப்போது அவனுக்குப் பதினொரு வயது.

மறைப்பதை நாங்களும் செய்து பார்த்தோம். அதன் விளைவாக, வாரத்தில் ஒரு நாள் இருந்த பயம் ஏழு நாளும் பரவியது. எந்த மாலையில் ஊசி வருமோ என்று தெரியாமல், நான் அலமாரியைத் திறந்தாலே முகம் வெளுத்துப் போவான். பிறகு காலண்டரில் வட்டம் போட்டு, சனிக்கிழமை காலையிலேயே "இன்று ஊசி நாள், இரவு ஏழரை மணிக்கு" என்று ஒருமுறை மட்டும் சொல்லும் வழக்கத்துக்கு வந்தோம்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் சேர்ந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். போடும் இடத்தில் தடிமனாக வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். நான் முதலில் இருபது நிமிடத்திலேயே துடைத்துவிட்டு, களிம்பு வேலை செய்யவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரமே பயத்துக்குத் தீனியாகிவிடக் கூடாது என்பதற்காக, களிம்பு வைத்தவுடன் அப்பாவும் மகனும் கேரம் ஆடுவார்கள். களிம்பு இல்லாத நாளில், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அரை நிமிடம் வைப்பதும் ஓரளவு பலன் தரும்.

உட்காரவைக்கும் முறை இதுதான்: கணவர் சுவரில் சாய்ந்து அமர, அவர் மார்பில் முதுகு படும்படி குழந்தை அமர்கிறான், அவருடைய கைகள் அணைத்தபடி இருக்கும், அமுக்கியபடி அல்ல. குத்துவதற்குச் சற்று முன்பிருந்து, ஊசி போடும் இடத்துக்கு மேலே அவர் விரல்களால் விறுவிறுவென்று தேய்ப்பார். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்ப்பதில்லையா, அதுபோலத்தான். தொடுவுணர்ச்சி முந்திக்கொள்ளும்போது வலி மூளைக்குப் போகும் வழி ஓரளவு அடைபடுகிறது என்பதை மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கியதாக எங்கள் மருத்துவர் சொன்னார். காரணம் எதுவானாலும், எங்கள் மகனுக்குக் களிம்பைவிட இதுவே உதவியது என்பேன்.

பதில்: மணப்பாறைக்காரன்

அக்கா, எனக்கு இப்போது இருபத்துமூன்று வயது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை இந்த ஊசி போட்டுக்கொண்டவன் என்பதால், குழந்தையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

குத்து ஒரு நொடிதான் வலித்தது. மருந்து உள்ளே போனது வலித்ததாக நினைவே இல்லை. என்னை அழவைத்தவை வேறு. அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு, நான் அசைந்துவிடுவேன் என்று பயந்து இரண்டிலேயே குத்திவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஒன்று என்று கேட்டவுடனே என் தொடை கல்லாக இறுகத் தொடங்கியது. இறுகிய தொடையில் போட்டால் உண்மையிலேயே அதிகமாக வலிக்கும். எண்ணும் பொறுப்பை என்னிடமே கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. போடுவதா வேண்டாமா என்பது என் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தத் தொடை, யார் எண்ணுவது, பார்ப்பதா கண்ணை மூடுவதா என்பவை என் கையில் இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

மருந்தின் மஞ்சள் நிறத்தையும் கவனியுங்கள். அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஓராண்டுக் காலம் எலுமிச்சைச் சாதத்தைக்கூடத் தொடவில்லை. அம்மா சமையலறையிலேயே மருந்தை ஏற்றி, சிரிஞ்சைச் சுற்றி வெள்ளைக் காகிதம் ஒட்டி எடுத்துவரத் தொடங்கியபின் குமட்டல் பாதியாகக் குறைந்தது. உங்கள் மகளும் மாத்திரைக் காலத்திலேயே வாந்தி எடுத்தவள் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு: தஞ்சை அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மாவின் பதிலைப் படித்த அன்றே மருத்துவரைப் பார்த்தோம். நாங்கள் ஏற்றிவந்த அளவு சரியாகத்தான் இருந்தது என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. இப்போது 1 மி.லி. சிரிஞ்சும் தனி ஊசியும் எழுதிக்கொடுத்திருக்கிறார். நாத்தனாரும் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் மகள் குளியலறையில்தான் இருந்தாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "சென்ற முறை உன்னை அமுக்கிப் பிடித்தது தப்பு, இனிமேல் அப்படிச் செய்ய மாட்டோம், ஊசி வலிக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொன்னேன். வெளியே வர அரை மணி நேரமாயிற்று. சென்ற வெள்ளிக்கிழமை அப்பாவின் மடியில் உட்கார்ந்து, இடது தொடை என்று அவளே காட்டி, பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினாள். நான்கில் நிறுத்திக்கொண்டு, மறுபடி பத்திலிருந்து தொடங்கினாள். நாங்கள் காத்திருந்தோம். போட்ட பிறகு "வலிச்சுது" என்றாள், அழவில்லை.

வாந்தி மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஊசிக்கு முன் கொடுக்க ஒண்டான்செட்ரான் எழுதித் தந்திருக்கிறார். இந்த வாரம் முதல், வெள்ளைக் காகிதத்தோடு சேர்த்து அதையும் தொடங்குகிறோம்.