மாருதி 800: முன் ஃப்ளோர் துரு, வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுகிறது. யோசனை சொல்லுங்கள்

உப்புக்காற்று (தூத்துக்குடி):

வணக்கம். வண்டி 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர். அப்பா வாங்கியது, விற்கும் எண்ணம் இல்லை. இடது பக்க முன் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகரம் அப்பளமாக நொறுங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டு சேரும் மடிப்பு வரை துரு போயிருக்கிற மாதிரி தெரிகிறது.

கேட், கிரில் வேலைக்கு வாங்கிய இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் வீட்டில் இருக்கிறது. 2.5 எம்எம் 6013 வெல்டிங் ராடு. பழைய ஃப்ரிட்ஜ் கதவை வெட்டி ஒத்திகை பார்த்தேன். ஆம்பியரைக் குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் ஏற்றினால் பொத்துக்கொள்கிறது.

இதே மெஷினில் முடியுமா? எந்தக் கேஜ் தகரம் வாங்கலாம்? ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகரம்) போட்டால் மறுபடி துரு வராது என்கிறார்களே? பக்கத்துப் பட்டறையில், "மேலே ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, எம்சீல் பூசி, அடிப்பக்கம் அண்டர்கோட்டிங் பூச்சு அடித்துவிடலாம், மத்தியானம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அது போதுமா?

ஆம்னி_ஓட்டுநர்:

ரிவெட் வேண்டாம் ப்ரோ. என் ஆம்னிக்கு அப்படித்தான் செய்தார்கள். இரண்டு தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து, அடுத்த மழைக்காலத்தில் ஓட்டை பெரிதாகி ரிவெட்டோடு பெயர்ந்து வந்தது.

பட்டறை அண்ணாச்சி:

தம்பி, முதலில் ஒன்று. ஃப்ரிட்ஜ் கதவுத் தகரம் கார் ஃப்ளோரை விட மெல்லிசு. அதை வைத்து உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஆனாலும் 2.5 ராடு காருக்கு ஆகாது. அந்த ராடு ஒழுங்காக எரிய 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டை இந்தத் தகரம் தாங்காது. நாள் வாடகைக்கு ஒரு மிக் மெஷின் எடுங்கள், ராடுக்குப் பதில் வயர் தானாக ஓடி வந்து உருகும். பட்டறைகளில் கோ2 வெல்டிங் என்று கேட்டால் உடனே புரியும். 0.8 எம்எம் வயர் போதும். வெறும் கோ2 போட்டால் ஆழமாகத் தோண்டும், பொறியும் நிறையத் தெறிக்கும். ஆர்கானும் கோ2-வும் கலந்த சிலிண்டர் கிடைத்தால் மெல்லிசுத் தகரத்துக்கு அதுதான் நல்லது. கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே மருந்து வைத்த ஃப்ளக்ஸ் வயர்தான் கிடைத்தது என்றால் வெல்டிங் டார்ச்சை நெகட்டிவில் மாட்டுங்கள். கேஸ் போட்டு சாதா வயர் ஓட்டினால் டார்ச் பாசிட்டிவில். பலர் இதை மாற்ற மறந்துவிட்டு மெஷினைத் திட்டுவார்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றில் திறந்த வெளியில் நின்று வெல்ட் வைத்தால் கேஸ் பறந்து போய்விடும், ஷெட்டுக்குள் வைத்து ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

தகரம் 20 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகரம்), சுமார் 0.9 எம்எம். ஜிஐ வேண்டவே வேண்டாம். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், வெல்டிலும் பொடிப்பொடியாகத் துளை விழும். எப்படியும் வெல்ட் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போகிறது, அப்புறம் ஜிஐ போட்டு என்ன லாபம்?

இனி வெட்டுவது. ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டுவேன் என்று நினைத்தால் வேலை கெட்டுவிடும். குத்தினால் குழி விழாத, தட்டினால் கணீர் என்று கேட்கும் தகரம் வரும் வரை வெட்டுங்கள். நல்ல தகரத்தில்தான் வெல்ட் நிற்கும், துருவில் வைத்தால் வெடித்து வெடித்து ஓட்டைதான் பெரிதாகும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். பழைய அட்டைப்பெட்டியில் அச்சு எடுத்து, அதை வைத்துத் தகரம் வெட்டுங்கள். ஃப்ளோரில் ஓடும் வரித்தடங்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல, தகரம் அதிராமல் பிடித்து நிறுத்துவது அவைதான். பேட்ச்சை இரும்புப் பைப்பின் மேல் வைத்துத் தட்டி அதே தடத்தை எடுத்துவிடுங்கள்.

வெல்டைக் கோடாக இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி வையுங்கள், ட்ரிக்கரை விடுங்கள், எதிர் மூலைக்குப் போங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றி வந்த பிறகு, இடையில் இடையில் நிரப்புங்கள். விரலை வைத்துப் பாருங்கள், சுட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓட்டை விழுந்தால் அடியில் ஒரு செம்புத் தகடைப் பிடித்துக்கொண்டு அடையுங்கள். செம்பில் வெல்ட் ஒட்டாது.

பழைய_டயர்:

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் பாருங்கள். அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். ரன்னிங் போர்டு பெட்டிதான் முன்னையும் பின்னையும் பிடித்து நிற்கிறது. துரு அதற்குள் போயிருந்தால் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டாதீர்கள். நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கட்டும். வெட்டும் முன் கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து சாக்பீஸால் எழுதி வையுங்கள். புது ரன்னிங் போர்டு பேனல் சென்னை புதுப்பேட்டையில் விசாரியுங்கள். சீட் போல்ட், பெல்ட் போல்ட் பக்கம் துரு என்றால் அதை மட்டும் கைதேர்ந்த ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தீ. ஃப்ளோருக்கு அடியில் பெட்ரோல் பைப், பிரேக் பைப் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், கழற்றி ஒதுக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டி எடுங்கள், அது எரிந்தால் புகை கண்ணை மறைக்கும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) இல்லாத வண்டிதான், ஆனால் ஆல்டர்னேட்டர் டையோடு இருக்கிறதே. ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்கட்டும்.

உப்புக்காற்று:

ரொம்ப நன்றி. மெஷின் வாடகைக்குக் கிடைத்தது. தார் ஷீட்டைச் சுரண்டியதும் ஓட்டை இரண்டு மடங்காகிவிட்டது. ரன்னிங் போர்டு பெட்டி நல்ல கனமாகத்தான் இருக்கிறது, உள்பக்க மடிப்பில் மட்டும் துரு. பெட்டிக்குள் ஈர மண் கட்டியாக நிற்கிறது. பேட்ச்சை விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா, மேலே ஏற்றி வைப்பதா? மழையே இல்லாதபோதும் கார்ப்பெட் ஏன் நனைகிறது என்பதும் புரியவில்லை.

பட்டறை அண்ணாச்சி:

ஃப்ளோருக்கு ஏற்றியே வையுங்கள், அரை அங்குலம் போதும். விளிம்போடு விளிம்பு சேர்க்கும் வேலை கதவு, ஃபெண்டர் மாதிரி வெளியே தெரிகிற இடத்துக்கு. ஏறி உட்காரும் இரண்டு முகத்திலும் வெல்ட் வைக்கக்கூடிய ஜிங்க் ஸ்பிரே அடித்துவிட்டுச் சேருங்கள். மடிப்புப் பக்கம் பேட்ச்சில் 6 எம்எம் துளை போட்டு, துளைக்குள் அடித்தகரத்தோடு சேர்த்து வெல்டை நிரப்புங்கள். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டுக்கு அதுதான் மாற்று.

மழையில்லாமல் நனைகிறது என்றால் வண்டி கழுவுகிற தண்ணீர்தான். முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையில் சந்தேகம். ஒருவர் வெளியே மெதுவாக ஹோஸ் பிடிக்கட்டும், நீங்கள் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அதைச் சரி செய்யாமல் எவ்வளவு நல்ல தகரம் வைத்தாலும் வீண்.

வெல்ட் முடிந்ததும் கிரைண்டரில் மேடு எடுத்து, எபாக்சி பிரைமர், அதன் மேல் விளிம்பு முழுக்க இரு பக்கமும் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை), கடைசியில்தான் அண்டர்கோட்டிங். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மண்ணைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மெழுகு ஸ்பிரேயைக் குழாய் விட்டு உள்ளே அடியுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அண்டர்கோட்டிங் அடிப்பவர் அதையும் சேர்த்து மூடிவிடுவார், அடிக்கும் முன் தீக்குச்சி சொருகி வையுங்கள்.

உப்புக்காற்று:

அண்ணாச்சி, ரப்பரேதான். இடது கீழ் மூலை வெடித்திருக்கிறது, ஹோஸ் பிடித்ததும் ஒயரிங் மேலாக வழிந்து நேராக அந்த ஓட்டைக்கே வந்தது. புது ரப்பர் சொல்லியிருக்கிறேன். பேட்ச் வைத்தாகிவிட்டது, கதவு இடைவெளி மாறவில்லை. இரண்டு இடத்தில் பொத்துக்கொண்டது, செம்புத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். வெல்ட் பார்க்க லட்சணமாக இல்லை. கார்ப்பெட்டை எப்போது போடலாம்?

பட்டறை அண்ணாச்சி:

லட்சணம் கார்ப்பெட்டுக்கு அடியில் யாருக்குத் தெரியப்போகிறது. சுத்தியலால் பேட்ச்சின் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், விரியாவிட்டால் சரி. ரப்பர் மாற்றி, மறுபடி ஹோஸ் பிடித்துப் பார்க்கும் வரை கார்ப்பெட் போடாதீர்கள். வலது பக்கத்தையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.