கலெக்டிவ் இம்ப்ரொவைசேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் சேர்ந்து டிக்ஸிலேண்ட் (பழைய அமெரிக்க ஜாஸ் பாணி) குழு ஆரம்பித்திருக்கிறோம். கணக்குப் பிரிவுக்காரர் டிரம்பெட், ஸ்டோர்ஸ் தம்பி கிளாரினெட். டிரம்போன் சர்ச் பேண்டில் வாங்கிய இரவல். டிஸ்னி ஸ்டுடியோவில் படம் வரைந்தவர்கள் வார்ட் கிம்பால் தலைமையில் நடத்திய 'ஃபயர்ஹவுஸ் ஃபைவ் பிளஸ் டூ' குழுதான் முன்மாதிரி. ஆண்டு விழா அறிமுகத் தாள் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் அதன் மேலே பின்னி ஓடும், டிரம்போன் கீழே வழுக்கிப் பதில் சொல்லும். மூவரும் ஒரே நேரத்தில் அவரவர் கற்பனையில் வாசிக்கிற இந்தக் 'கலெக்டிவ் இம்ப்ரொவைசேஷ'னுக்குத் தமிழில் என்ன?

ராணிப்பேட்டை:
கூட்டு மனோதர்மம். பாடகர் மேடையிலேயே தன் கற்பனையில் விரிப்பதுதானே மனோதர்மம். கச்சேரி கேட்கிற யாருக்கும் புரியும். வேலை முடிந்தது.

குடியாத்தம்:
முடியவில்லை ஐயா. மனோவும் வடசொல், தர்மமும் வடசொல். நம்மிடம் 'ஆளத்தி' இருக்கிறது, ராகமாகிய பண்ணை விரித்துப் பாடுவதற்கான பழஞ்சொல். காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லார் வகையே பிரித்திருக்கிறார். நான்காவதாகக் கூட்டாளத்தி. 'ஆள்' என்ற வேரிலிருந்து வந்தது என்பேன்: பண்ணை ஆள்வது ஆளத்தி. ஆலாபனையே இதிலிருந்து போனதுதான் என்பது என் துணிபு.

ஆம்பூர்:
கூட்டாளத்தி என்றால் கூட்டாளியின் சம்சாரம் என்றுதான் நினைப்பார்கள். அது கிடக்கட்டும். நீங்கள் சொல்கிற ஆலாபனை, பாட்டுக்கு முன்னால் தாளக்கட்டு இல்லாமல் ராகத்தை விரிப்பது. டிக்ஸிலேண்டில் பாஞ்சோவும் டூபாவும் தாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்குள்தான் எல்லாக் கற்பனையும். தாளத்துக்குள்ளேயே கற்பனை செய்கிற நிரவல், கற்பனை ஸ்வரம் பக்கம் தேடினாலாவது பொருந்தும்.

ஆரணி:
சிலம்பின் அரங்கேற்று காதையில் குழல்வழி யாழ், யாழ்வழித் தண்ணுமை, அதன்பின் முழவு என்று வருகிறதே, அங்கே தேடினால் என்ன?

ஆம்பூர்:
அது ஒன்றன்பின் ஒன்று. இங்கே ஒன்றின் வழி ஒன்று நிற்பதே இல்லை.

ஆரணி:
சரி, சிலம்பை விடுங்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் முகவீணை என்கிற ஊதுகருவி, பாடுகிறவரை விட்டு விலகி ஓடித் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும். கூத்துக்காரர்கள் அதை என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? நிகண்டைத் திறக்கும் முன் வாத்தியார்களைக் கேட்கலாம்.

திருப்பத்தூர்:
டிக்ஸிலேண்டையும் 'தென்னிலம்' ஆக்கிவிடலாமே?

வாலாஜா:
வேண்டாம். டிக்ஸி என்பது அடிமை முறை நடந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் செல்லப்பெயர். அதனாலேயே அந்தப் பெயரை ஒதுக்கி 'நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்' என்று சொல்கிறவர்கள் உண்டு. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பெயர் வாங்கிய ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். இசையை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தார். நீங்கள் அதைத் தென்னிலம் என்று எழுதினால் நம்மவர்கள் திருநெல்வேலியைத் தேடுவார்கள்.

காட்பாடி:
ஐயாமாரே, நாளை வியாழன்.

ஆம்பூர்:
'உடன்புனைவு' போடுங்கள்.

ராணிப்பேட்டை:
புனைவு என்றால் இப்போது சிறுகதை, நாவல். மனோதர்மமே மேல். ஆனால் சண்டைக்கு நேரமில்லை, போடுங்கள்.

வாலாஜா:
சம்மதம். கீழே ஒரு வரி விளக்கம் இருக்கட்டும்.

குடியாத்தம்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உடன்புனைவு, உடன்படிக்கை மாதிரி இருக்கிறது. ஆளத்தியைக் கைவிட்டது பிழை. நாளை விரிவாக எழுதுவேன்.

காட்பாடி:
அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், நன்றி. அப்புறம், ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் அங்கங்கே ஓர் அடி மட்டும் கொடுத்து நிறுத்துவதை 'ஸ்டாப் டைம்' என்பார்கள். அதற்கு?

குடியாத்தம்:
தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவோம்.