கதிருக்கு எந்தத் தோட்டா? குடும்பக் குழுவில் ஒரு மாலை

*கதிர்:* சித்தப்பா, கிளப்புல பெரிய ரைஃபிளுக்கு அனுமதி வந்துடுச்சு! இதுவரைக்கும் .22-ங்கற சின்னத் தோட்டா மட்டும்தானே சுட்டுட்டு இருந்தேன். இப்ப .300 வின்செஸ்டர் மேக்னம்ங்கற பெரிய தோட்டாவுக்கான ரைஃபிள் எடுக்கலாம்னு இருக்கேன். துல்லியமும் வேணும், பவரும் வேணும்.

*சேது சித்தப்பா:* ரொம்ப சந்தோஷம்டா. தோட்டாவை அப்புறம் பார்ப்போம். எதைச் சுடப் போற, எவ்வளவு தூரத்துல? அதைச் சொல்லு.

*கதிர்:* பெரும்பாலும் 300 மீட்டர் பேப்பர் டார்கெட். வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை 900 மீட்டர் போட்டி. பின்னாடி முறையா லைசென்ஸ் எடுத்து மான் சீசனுக்கும் போகணும்னு ஆசை.

*சேது சித்தப்பா:* பேப்பருக்குப் பவரே வேண்டாம். ஓட்டை விழுந்தா போதும். 300 மீட்டர் சர்வதேசப் போட்டியில 8 மி.மீ. விட்டம் வரைக்கும் விடுறாங்க, ஆனா நிறைய பேர் கையில இருக்கறது 6 மி.மீ. தோட்டாதான். ரைஃபிளை மேஜைத் தாங்கியில வெச்சு சுடற பெஞ்ச்ரெஸ்ட்காரங்களைப் பாரு. 1975-ல வந்த 6 பிபிசி-ங்கற குட்டித் தோட்டாவை வெச்சு, சுட்டதெல்லாம் ஒரே ஓட்டையில போற மாதிரி சுடறாங்க.

*அருண் அண்ணன்:* கதிர், என் ஓட்டு .308 வின்செஸ்டருக்கு. 1952-ல வந்தது, இன்னிக்கும் அசைக்க முடியல. எங்க போனாலும் மேட்ச் தோட்டா, அதாவது போட்டிக்குன்னு செஞ்ச தோட்டா கிடைக்கும், பேரலும் நீண்ட நாள் உழைக்கும்.

*கதிர்:* ஆனா அண்ணா, .300-க்கு ஆற்றல் எவ்வளவோ அதிகமாச்சே?

*யாழினி அக்கா:* நீங்க சொன்ன ரெண்டோட, நீண்ட தூரத்துக்கு நிறைய பேர் எடுக்கற 6.5 கிரீட்மூரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டு பேரலை விட்டு வெளிய வர்ற குழல் வாயில, வழக்கமான வேகத்துக்கு:
.308, 168 கிரெய்ன் (10.9 கிராம்), விநாடிக்கு 808 மீட்டர்: சுமார் 3,550 ஜூல்
6.5 கிரீட்மூர், 140 கிரெய்ன் (9.1 கிராம்), 823 மீட்டர்: சுமார் 3,070 ஜூல்
.300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெய்ன் (11.7 கிராம்), 902 மீட்டர்: சுமார் 4,750 ஜூல்

*கதிர்:* பாத்தீங்களா! 6.5-தான் கடைசி.

*யாழினி அக்கா:* அவசரப்படாத. இது குழல் வாயில இருக்கற கணக்கு. 6.5-ல வர்ற 140 கிரெய்ன் ஹார்னடி மேட்ச் குண்டு ஒல்லியா நீளமா இருக்கும். அதோட பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் 0.646. சியரா 168 கிரெய்ன் குண்டுக்கு 0.462. இந்த எண் கூடக்கூட காற்று குண்டைப் பிடிச்சு இழுக்கறது குறையும். 900 மீட்டர்ல .308-ஓட அந்தக் குண்டு ஒலி வேகத்துக்குப் பக்கத்துல வந்து தடுமாற ஆரம்பிச்சிடும். 6.5 இன்னும் நல்ல வேகத்துல போயிட்டு இருக்கும். அங்க ஆற்றல் மிச்சம் இருக்கறதும் 6.5-லதான்.

*அருண் அண்ணன்:* 175 கிரெய்ன் போட்டா .308-ம் அந்தத் தூரம் போகும் அக்கா.

*யாழினி அக்கா:* போகும்பா. ஆனா பக்கக் காற்று 6.5-ஐ விட அதிகமாத் தள்ளும். காற்றைத் தப்பாக் கணிச்சா அதுக்கு எவ்வளவு புள்ளி போகுதுங்கறதுதான் 900 மீட்டர்ல முக்கியம்.

*சேது சித்தப்பா:* இது ரெண்டுலயும் நல்ல ரைஃபிள் கிடைக்கும், சண்டை வேண்டாம். நான் மேக்னத்துக்கு வர்றேன். .300 துல்லியம் இல்லாத தோட்டான்னு யாராவது சொன்னா நம்பாத. ஆயிரம் கஜப் போட்டிகள்ல பேர் வாங்கினது. பிரச்சினை தோட்டாவுல இல்ல, தோள்ல. அதே எடை ரைஃபிள்ல, சுடும்போது தோள்ல பின்னாடி இடிக்கற 6.5-ஓட உதையை விட .300-ஓட உதை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் சுட்டதுமே உடம்பு அந்த உதையை முன்கூட்டியே எதிர்பார்க்கும். ட்ரிக்கர் விடுபடறதுக்கு ஒரு கணம் முன்னாடி கண் சிமிட்டும், தோள் இறுகும். கிளப்புல இதை நான் நிறைய பார்க்கிறேன். நல்லா சுட்டுக்கிட்டு இருந்த பையன் மேக்னம் எடுத்த பிறகு .22-லயும் ட்ரிக்கரைப் பிடுங்குவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா போக்கறது கஷ்டம்டா. உன் விஷயத்துல எனக்கு இருக்கற ஒரே பயம் அதுதான்.

*கதிர்:* புரியுது சித்தப்பா. ஆனா மானுக்கு 6.5 போதுமா?

*சேது சித்தப்பா:* தாராளமா. அதுக்கு மூத்தது ஒண்ணு இருக்கு, 6.5×55. 1894-ல இருந்து இருக்கு. ஸ்வீடன், நார்வேயில அதை வெச்சுக்கிட்டு மூஸ்ங்கற ராட்சத மானையே வேட்டையாடறாங்க. ஸ்வீடன் சட்டத்துல பெரிய விலங்குக்கு, குண்டு 10 கிராமுக்கு மேல இருந்தா 100 மீட்டர்ல 2,000 ஜூல் போதும். 9 கிராம்னா 2,700 வேணும். மூஸுக்கே கணக்கு இப்படி. குண்டு எங்க படுதுங்கறதுதான் மிருகத்தைச் சட்டுன்னு சாய்க்கறது. அதைக் கோட்டை விட்டுட்டு பவரைக் கூட்டினா மிருகம் காயத்தோட ஓடிப் போய் எங்கயோ கிடந்து துடிக்கும்.
ஆனா ஒண்ணு. போட்டிக் குண்டை வேட்டைக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. அதுக்குன்னு விரியற மாதிரி செஞ்ச குண்டு தனியா இருக்கு.

*யாழினி அக்கா:* கதிர், துல்லியத்துக்கும் ஒரு கணக்கு. குண்டுகள் எவ்வளவு சிதறுதுங்கறதை மினிட் ஆஃப் ஆங்கிள்ங்கற கோண அளவுல சொல்வாங்க. ஒரு மினிட்னா 100 மீட்டர்ல 29 மி.மீ., 300 மீட்டர்ல 87 மி.மீ. அந்தப் போட்டியில பத்தாம் வட்டத்தோட விட்டம் 100 மி.மீ. ஒரு மினிட் ரைஃபிள் உன் கையில இருந்தா உன் தவறுக்குன்னு மிஞ்சறது ரொம்பக் கொஞ்சம்தான்.

*கதிர்:* அய்யோ. அப்ப அரை மினிட் ரைஃபிள் வாங்கணும். விளம்பரத்துல எல்லாரும் அரை மினிட்னுதான் போடறாங்க.

*அருண் அண்ணன்:* மூணே குண்டு சுட்டு, எவ்வளவு நெருக்கமா விழுந்ததுன்னு காட்டற குரூப்பைப் பார்த்து எதையும் நம்பாத. மூணு அதிர்ஷ்டத்துல சேர்ந்துடும். குறைஞ்சது பத்து சுட்டு அளந்தாதான் ரைஃபிளோட உண்மை தெரியும்.

*சேது சித்தப்பா:* சரியாச் சொன்னான். பேரல் ட்விஸ்ட்டையும், அதாவது பேரலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கற வரிகளோட முறுக்கையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோ. நீளமான குண்டுக்கு வேகமாச் சுழற்றற பேரல் வேணும். 6.5-ல வழக்கமா 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது சரியா இருந்தாலும் பேரலுக்குப் பேரல் பிடிச்ச தோட்டா வேற. மூணு நாலு மேட்ச் வகை வாங்கிச் சுட்டுப் பாரு. எது நெருக்கமா விழுதோ அதையே, முடிஞ்சா ஒரே லாட்ல (ஒரே தடவையா தயாரிச்சதுல), மொத்தமா வாங்கு.

*அம்மா:* எல்லாம் சரி. வீட்டுல வைக்கிற முறை என்னன்னு யாருமே சொல்லலையே?

*சேது சித்தப்பா:* அண்ணி கேட்டது எல்லாத்துக்கும் முன்னாடி வரணும். ரைஃபிள் பூட்டின பெட்டியில, தோட்டா வேற பூட்டுல. ரெண்டு சாவியும் கதிர்கிட்ட மட்டும். அப்புறம் கதிர், பேரல் மேல எந்தத் தோட்டான்னு பொறிச்சிருக்கோ அது மட்டும்தான் உள்ள போகணும். "உள்ள நுழையுதே" அப்படின்னு போடாத. .300 பிளாக்அவுட் தோட்டா (நீ கேட்ட மேக்னம் இல்ல, அது வேற சின்னத் தோட்டா) .223 ரைஃபிளுக்குள்ள நுழைஞ்சிடும், சுட்டா ரைஃபிள் வெடிக்கும். சுடறவன் முகம் அங்கதான் இருக்கு. ரெண்டு வகை தோட்டாவை ஒரே மேஜையில பரப்பவே கூடாது.

*அம்மா:* கேட்டுக்கோ கதிர்.

*கதிர்:* கேட்டுக்கிட்டேம்மா. சித்தப்பா, இப்ப நீங்க என் இடத்துல இருந்தா?

*சேது சித்தப்பா:* 6.5 கிரீட்மூர். 900 மீட்டர் போட்டின்னு சொல்லலைன்னா .308-ன்னு சொல்லியிருப்பேன்.

*அருண் அண்ணன்:* பேரல் .308 அளவுக்கு உழைக்காது, அதை மனசுல வெச்சுக்கோ. மத்தபடி 900 மீட்டருக்கு சித்தப்பா சொல்றதை நானும் ஒத்துக்கிறேன்.

*கதிர்:* அப்ப மேக்னம் வேண்டாம். கிளப்புல ரெண்டு வகையும் இருக்கு, சனிக்கிழமை பயிற்சியாளர்கிட்ட கேட்டு ரெண்டையும் சுட்டுப் பார்க்கிறேன். பத்துப் பத்து குண்டு குரூப், போட்டோவோட அனுப்பறேன்.

*சேது சித்தப்பா:* ரெண்டுக்கும் ஒரே தூரம், ஒரே தாங்கி. ஒண்ணை முடிச்சு, தோட்டாவைப் பெட்டியில வெச்சுப் பூட்டின பிறகு அடுத்ததை எடு. காதுக்குள்ள பிளக், அது மேல காதை மூடற மஃப், ரெண்டும் போடு.