மஞ்சள் செவ்வந்தி ஆயில் பெயின்ட்டில் பாசி பிடித்த மாதிரி ஆகிறது, என்ன செய்ய?

கிறுக்கல்காரி:
வணக்கம். வாட்டர் கலரிலிருந்து இப்போதுதான் ஆயிலுக்கு வந்திருக்கிறேன். பூக்காரம்மாவிடம் காம்போடு கேட்டு வாங்கிய மஞ்சள் செவ்வந்தியைப் பித்தளைச் சொம்பில் வைத்துப் போடுகிறேன். முதல் அரை மணி நேரம் பளிச்சென்று இருக்கிறது. நிழல் போட ஆரம்பித்ததும் மஞ்சள் பச்சையாகிவிடுகிறது. அதை மூட வெள்ளை வைத்தால் சாம்பல். ஒவ்வொரு இதழாகத்தான் போடுகிறேன், ஆனால் தள்ளி நின்று பார்த்தால் பூ இல்லை, பாத்திரம் தேய்க்கிற நார். இதற்குள் பூவும் தலை தொங்கிவிடுகிறது. என்னிடம் இருப்பது லெமன் யெல்லோ, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, கறுப்பு. பெயின்ட் ஓட வேண்டும் என்று லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தாராளமாக விடுகிறேன்.

பழைய பேலட்:
கறுப்பை மூடி வையுங்கள். மஞ்சளோடு சேர்ந்தால் அது நீலத்தின் வேலையைச் செய்யும், பச்சைதான் வரும். யெல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) வாங்குங்கள். நிழலுக்கு அவை போதும்.

தாழ்வாரம்:
கலர் பாதிப் பிரச்சினைதான். மீதி, போடுகிற வரிசை. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்; இதழ் தெரியாது, ஒரு உருண்டை தெரியும், வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று. முதலில் நிழலை டர்பன்டைன் விட்டு மெல்லிசாகத் தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது; எண்ணெய் கூடினால் இறுக நாளாகும். அதனால் அடியில் எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும். வெளிச்சத்தைக் கடைசியில், ட்யூபிலிருந்து வந்த கெட்டியிலேயே, அகலப் பிரஷ்ஷில் எடுத்து ஒரே தடவை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அந்தக் கையை எடுப்பதுதான் கஷ்டம், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. இரண்டாம் தடவை தேய்த்தால் அடியிலுள்ள ஈர நிழல் எழுந்து வந்து கலந்துவிடும், உங்கள் சாம்பல் அதுதான். ஒவ்வொரு தீற்றலுக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள். இதழ் ஓரத்தில் ஏழெட்டைக் காட்டினால் போதும்.

இப்போதுள்ள படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். செய்தித்தாளை ஈரத்தின் மேல் விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, மெதுவாக உரியுங்கள். அதிகப்படி பெயின்ட் தாளோடு வந்துவிடும். லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் ஹென்றி டாங்க்ஸ் சொல்லிக்கொடுத்த வழி, அவர் பெயரிலேயே டாங்கிங் என்பார்கள்.

பூ வாடுவதற்கு மருந்தில்லை. 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் ஊரில் சூரியகாந்தி போட்ட வான்கோவே, சீக்கிரம் வாடுகிறது என்பதால் தினமும் விடிந்ததுமே உட்கார்ந்துவிடுவதாகத் தம்பிக்கு எழுதினார்.

மொட்டைமாடி:
துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கிறுக்கல்காரி:
தாளை உரித்தேன். அடியில் இவ்வளவு நல்ல படம் இருந்ததா! ஆக்கர் வைத்து மேலே நாலு பூவை ஒரே மூச்சில் போட்டேன், இப்போது நார் இல்லை. சொம்புதான் வர மாட்டேன் என்கிறது, பித்தளை மஞ்சளும் பூ மஞ்சளும் ஒன்றாகிவிட்டன.

தாழ்வாரம்:
சொம்பை இரண்டு படி இருட்டாக்குங்கள், பர்ன்ட் சியன்னாவில் துளி அல்ட்ராமரைன் போட்டு. சொம்பில் பூவின் பிம்பம் தெரிகிற இடத்தில் ஆக்கர், ஜன்னலின் பிம்பம் தெரிகிற இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. அதைக் கடைசியில் வையுங்கள்.