எடிசனுக்குப் பக்கத்தில் நல்ல ஃப்ளை ஃபிஷிங் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீலமலைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் ஊட்டி. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் உண்டு என்று சிறு வயதிலிருந்தே கேள்விப்பட்டிருந்தாலும், என் கைக்குப் பழக்கமானதெல்லாம் மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு ஆகியவைதான். சென்ற இலையுதிர் காலத்தில் கென் லாக்வுட் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தபோது, இடுப்பளவு நீரில் நின்ற ஒரு பெரியவர் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக நரம்பைச் சுழற்றி, பாறைக்கு அப்பால் ஒரு பூச்சியை மெல்ல இறக்கி வைத்ததைப் பார்த்தேன். அன்று முதல் அந்தக் காட்சி மனதை விட்டு அகலவில்லை.

தொலைபேசி வரைபடத்தில் தேடினால் ஏழெட்டுக் கடைகள் வருகின்றன. அவற்றில் பாதி, துப்பாக்கியும் கூடாரமும் விற்கிற பெரிய கடைகளின் ஒரு மூலை. உள்ளே போய்ப் பார்த்த ஒரு கடையில், நான் எங்கே மீன் பிடிக்கப் போகிறேன் என்றுகூடக் கேட்காமல் தொள்ளாயிரம் டாலர் ராட் (தூண்டில் கழி) ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். என்னால் முந்நூறு, மிஞ்சினால் முந்நூற்றைம்பது டாலர் வரை செலவிட முடியும். நல்ல கடை எது என்று புதியவன் எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்கே போகாமல் இணையத்தில் வாங்கிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஆற்றங்கரைவாசி எழுதியது:

ஊட்டிக்கார நண்பருக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வீட்டுக்கு அருகில் எந்தக் கடை என்று பார்ப்பதை ஒத்திவைத்துவிட்டு, எந்த ஆற்றில் இறங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கும் கடைதான் உங்களுக்கு உள்ளூர்க் கடை, அது வீட்டிலிருந்து எத்தனை மைல் தள்ளியிருந்தாலும்.

காரணம் இதுதான். மண்புழு எல்லா ஆற்றிலும் மண்புழு. ஃப்ளை அப்படியன்று, முள்ளின்மேல் இறகையும் நூலையும் மயிரையும் சுற்றி, அந்த ஆற்றில் அந்த வாரம் பறக்கும் பூச்சியைப்போலக் கட்டியது அது. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஆறுகளில் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பிற்பகல் வேளைகளில் ஹென்ட்ரிக்சன் என்னும் மேஃப்ளை நீரிலிருந்து இறக்கை விரித்து எழும். நம்மூரில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கூத்துதான். அந்த ஓரிரு மணி நேரத்தில் மீனின் கவனம் பெரும்பாலும் அந்தப் பூச்சியின் மேலேயே இருக்கும். அது இந்த வாரம் தொடங்கியதா, கீழ்ப் பகுதியில் முடிந்து மேல் பகுதிக்கு நகர்ந்துவிட்டதா என்பதை ஆற்றோரக் கடைக்காரரால்தான் சொல்ல முடியும். தினமும் காலையில் ஆற்றைப் பார்த்துவிட்டுக் கடையைத் திறக்கிறவர் அவர்.

உங்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. மேற்கே, கேலிஃபோனுக்கும் ஹை பிரிட்ஜுக்கும் இடையில், நீங்கள் நடந்த அதே பள்ளத்தாக்கு வழியாக ஓடும் ராரிடன் ஆற்றின் தென் கிளை; காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வடக்கே, ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணத்தில், அதே கேட்ஸ்கில் பகுதியில் பீவர்கில் ஆறும் வில்லோவீமாக் ஆறும் கலக்கும் ராஸ்கோ என்ற சிற்றூர். தன்னை ‘ட்ரவுட் டவுன்’ என்றே அழைத்துக்கொள்ளும் ஊர் அது. அதற்கு அருகே லிவிங்ஸ்டன் மேனரில் டெட் ஃப்ளைஸ் என்ற கடை இருக்கிறது. 1928இல் வால்ட் டெட், வின்னி டெட் தம்பதியர் தொடங்கியது. அக்காலத்தில் பெயர்பெற்ற ரூப் கிராஸ் என்ற ஃப்ளை கட்டுநர் தமது வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட, அவர் கட்டிய ஃப்ளைகளையே விலைக்கு வாங்கி, நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்து இவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. வாங்காவிட்டாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கடையை எடைபோட எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். “இந்த வாரம் ஆறு எப்படி இருக்கிறது?” என்று கேட்பேன். நல்ல கடைக்காரர் உடனே பதில் சொல்ல மாட்டார். எந்தப் பகுதி, காலையா மாலையா, நீரில் இறங்குவீர்களா, கரையிலிருந்தே வீசுவீர்களா என்று என்னைத் திருப்பிக் கேட்பார். அதன் பிறகுதான் நீரின் வேகத்தையும் வெப்பத்தையும் சொல்வார். ஒரு ஜூலை மாதம் பீவர்கில்லுக்குப் போகிற வழியில் ஃப்ளை வாங்க ஒரு கடையில் நின்றேன். மதியத்துக்குள் நீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும், அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப நீரில் விடும் ட்ரவுட் பிழைக்கும் வாய்ப்புக் குறைவு, ஆகையால் இன்று அங்கே போகாதீர்கள் என்று கடைக்காரர் தடுத்துவிட்டார். கேனன்ஸ்வில் அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறும் டெலவேர் மேற்குக் கிளைக்குப் போகச் சொல்லி வரைபடத்தில் வட்டமிட்டும் கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துத் தந்த ஃப்ளைகள் வேறு. நான் எடுத்து வைத்திருந்தவற்றைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வேறு கடைக்குப் போக மனம் வருவதில்லை.

கொள்ளிடத்துக்காரி எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு என் பட்டறிவையும் சேர்க்கிறேன், ஏனென்றால் தவறான கடையில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நானும் என் கணவரும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கேள்வி கேட்டவள் நான்; விற்பனையாளர் பதில் சொன்னதெல்லாம் தூண்டிலைத் தொட்டே பார்த்திராத என் கணவருக்கு. கடைசியில் எட்டாம் எண் ராட் ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பினார். அது கடலோரத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் போன்ற பெரிய மீன்களுக்கு வீசுவதற்கு உகந்தது என்று மூன்று மாதம் தோள்வலி பட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்த எண் விஷயத்தைப் புதியவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே ஃப்ளைக்குக் கனமே கிடையாது, லைன் எனப்படும் தடித்த நரம்பின் கனம்தான் ஃப்ளையைச் சுமந்து செல்கிறது. ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ளது என்று பொருள். ராட் அந்தக் கனத்துக்கு வளையும்படி செய்யப்பட்டிருக்கும். ஆகவே ராட்டும் லைனும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். நம் ட்ரவுட் ஆறுகளுக்கு ஒன்பது அடி, ஐந்தாம் எண் என்பதே பொதுவான தொடக்கம்.

நான் இப்போது போகிற கடை மிகச் சிறியது. வாசலில் நாய் படுத்திருக்கும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் அந்த எட்டாம் எண் ராட்டை எடுத்துப் போனபோது அங்கிருந்த அம்மையார் சிரிக்கவில்லை. பின்புறப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று, முள் இல்லாத மஞ்சள் நூல் துணுக்கு ஒன்றை நுனியில் கட்டி, அவர்களுடைய ஐந்தாம் எண் ராட்டைக் கொடுத்து அரை மணி நேரம் வீசச் சொன்னார். மணிக்கட்டு பின்னால் சரிந்துகொண்டே இருந்ததால் ராட்டின் அடிப்பகுதியை என் சட்டைக் கைக்குள் செருகிவிட்டார். மணிக்கட்டு தானாக அடங்கிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை. பிறகு அறைகள் பிரித்த மரப்பெட்டியிலிருந்து ஆறு ஃப்ளைகளை இடுக்கியால் எடுத்துச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டு, எதை எந்த நேரத்தில் கட்ட வேண்டும் என்று காகிதப் பையின்மேல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறேன்.

புல்வெளியில் வீசிப் பார்க்க விடாத கடையில் ராட் வாங்காதீர்கள், தம்பி.

பழைய தக்கை எழுதியது:

இருவரும் கடைக்காரர்களைச் சற்று அதிகமாகவே தூக்கி வைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஆற்றோரத்தில் இருப்பதாலேயே ஒரு கடை நல்ல கடை ஆகிவிடாது. உள்ளே நுழைந்தவுடன் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் நால்வரோடு சேர்ந்து பழங்கதை பேசிக்கொண்டே இருக்கும் கடைகளையும் நான் கண்டிருக்கிறேன். முந்நூற்றைம்பது டாலருக்குள் அடங்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கவும் முடியாது. ரீல், சட்டை, பெட்டி, கத்தரி ஆகியவற்றைப் பழையதாகவோ இணையத்திலோ வாங்குங்கள். ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் சக்கரம், அவ்வளவே. ராட்டோடு லைனையும், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நுனி நரம்பையும், ஃப்ளையையும் கடையில் வாங்குங்கள். லைனைக் கடையில் வாங்கினால் ரீலில் அவர்களே சுற்றி முடிச்சிட்டுத் தருவார்கள், அந்த முடிச்சுகளைப் புதியவர் கட்டினால் முதல் பெரிய மீனிலேயே அவிழும். கடையில் வீசிப் பார்த்து, அவருடைய அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து இருபது டாலர் மலிவாக இணையத்தில் வாங்குவதை மட்டும் செய்ய வேண்டாம். அதற்கு நேரடியாக இணையத்திலேயே வாங்கிவிடலாம்.

கடையைக் கண்டுபிடிக்க வரைபடத்தை விட நல்ல வழி, ட்ரௌட் அன்லிமிடெட் அமைப்பின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்துக்கு ஒருநாள் போவது. 1959இல் மிச்சிகனில் தொடங்கி, குளிர்நீர் ஆறுகளைக் காப்பதற்காக நாடெங்கும் கிளை பரப்பிய அமைப்பு அது. யாரிடம் ஃப்ளை வாங்குகிறீர்கள் என்று அங்கே ஐந்து பேரைக் கேளுங்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் தேடல் முடிந்தது.

உரிமத்தை மறந்துவிடாதீர்கள். 16 வயது நிரம்பியவர்களுக்கு நியூ ஜெர்சி, நியூயார்க் இரு மாநிலங்களிலும் தனித்தனியாக வேண்டும். நியூ ஜெர்சியில் ட்ரவுட்டுக்கென்று கூடுதலாக ஒரு முத்திரையும் உண்டு. அதை வாங்காமல் நிற்கிறவரிடம் ஃப்ளை விற்கும் முன் நினைவூட்டுகிற கடையென்றால் நானும் நல்ல கடை என்று ஒப்புக்கொள்கிறேன்.

நீலமலைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். பழைய தக்கை ஐயா சொன்னபடி ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஆறு பேரைக் கேட்டதில் நால்வர் ஒரே கடையைச் சொன்னார்கள், அது என் வரைபடத் தேடலில் வராத கடை. உரிமத்தையும் முத்திரையையும் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். “எந்த ஆறு?” என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஐந்தாம் எண் ராட்டும் லைனும் நுனி நரம்பும் எட்டு ஃப்ளையும் சேர்த்து இருநூற்றி அறுபது டாலர் ஆயிற்று. ரீல் கூட்டத்தில் சந்தித்த ஒருவரிடம் பழையதாக நாற்பது டாலருக்குக் கிடைத்தது. அக்கா சொன்ன சட்டைக்கை வித்தையைப் புல்வெளியில் நானே செய்து காட்டியபோது கடைக்காரர் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

தென் கிளையில் இரண்டு சனிக்கிழமை நின்றேன். மீன் ஒன்றும் படவில்லை. ஐந்து ஃப்ளைகள் பின்னாலிருந்த மரக்கிளைகளில் தொங்குகின்றன. ஒன்று என் தொப்பியில். மீதி இரண்டோடு நாளை மறுபடியும் கடைக்குப் போகிறேன், மரம் இல்லாத கரை எது என்று கேட்பதற்கு.