தொண்டையில் சளி மாதிரி எடுக்கும்போது பிள்ளையின் பயத்தை எப்படிக் குறைப்பது?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் தடித்த சளி சேரும் பரம்பரை நோய்). இந்த வயதில் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவாள். அதனால் கிளினிக்கில் நீளமான பஞ்சுக்குச்சியைத் தொண்டைக்குள் விட்டு, இருமவைத்து, மாதிரி எடுக்கிறார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமியை நுரையீரலில் நிலைகொள்ள முன்பே கண்டுபிடித்தால் மருந்தால் அழிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகவே இதைத் தவறவிட எனக்கு மனமில்லை.

ஆனால் போன முறை படுக்கவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கத்திக் கத்தி வாந்தியும் எடுத்துவிட்டாள். இப்போது ஓட்டோ கிளினிக் பக்கம் திரும்பும்போதே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது.

வீட்டில் கொஞ்சம் பழக்கிப் பார்க்கிறேன். பொம்மையை 'ஆ' காட்டச் சொல்லி, காதுப் பஞ்சால் அதன் வாயைத் தொடுகிறாள். பிறகு என் வாயை. தன் வாய் என்றால் மட்டும் ஓட்டம். அடுத்த முறை படுக்கவைக்காமல், என் மடியில் நிமிர்ந்து இருத்தி, நான் அணைத்துப் பிடிக்க எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கப் போகிறேன்.

இப்படி மடியில் வைத்து எடுத்த பெற்றோர் இருக்கிறீர்களா? முன்கூட்டியே சொல்வது நல்லதா, அங்கே போனபிறகு சொல்வதா? 'ஒன்றுமே செய்யமாட்டார்கள்' என்று பொய் சொல்லிக் கூட்டிப்போக எனக்கு விருப்பமில்லை. சிறுபிள்ளை வார்டில் வேலை செய்யும் தாதிமாரும் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்.